பிரமாணிக்கம்: பொருளும் பயன்பாடும்



திருமணத் தயாரிப்பு வகுப்பு ஒன்றில், மணமக்கள் தங்கள் திருமண வாக்குறுதியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். ஓர் இளைஞர் பாதியில் நிறுத்திவிட்டார். "ஃபாதர், மத்ததெல்லாம் புரியுது. இந்தப் பிரமாணிக்கம்ங்கிறது மட்டும் என்னன்னு புரியல. இத நாங்க வேற எங்கயும் சொல்றதே இல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் யாருக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை. சற்று நேரம் கழித்து, "ஏமாத்தாம இருக்கிறது" என்றார் ஒருவர். "வேற யாரையும் மனசால நினைக்காம இருக்கிறது" என்றார் இன்னொருவர். "கடைசி வரைக்கும் விட்டுட்டுப் போகாம இருக்கிறது" என்றார் ஒரு மணமகள். மூன்றும் நல்ல பதில்கள்தாம்.

வகுப்பு முடிந்ததும், மண்டபத்தைப் பூட்டுவதற்காகப் பின்வரிசையில் காத்திருந்த ஒரு தாய் அருகில் வந்தார். "சாமி, முப்பது வருசத்துக்கு முன்னாடி நானும் இந்த வார்த்தையச் சொல்லித்தான் தாலி கட்டிக்கிட்டேன். அடிய வாங்கிக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தேனே, அதுக்குப் பேரும் பிரமாணிக்கந்தானா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. "உங்களுக்காகச் செபிக்கிறேன் அம்மா" என்று மட்டும் சொன்னேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

இளைஞரின் கேள்வி சொல்லின் பொருளைப் பற்றியது. அந்தத் தாயின் கேள்வி, அந்தச் சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்திவிட்டோம் என்பதைப் பற்றியது. இரண்டுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வேர்

பிரமாணிக்கம் என்ற சொல் பிரமாணம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பிரமாணம் என்றால் அளவு, அளவுகோல், சான்று, ஆதாரம் என்று பொருள். ஒன்றை எதைக்கொண்டு அளந்து சரியென்று உறுதி செய்கிறோமோ, அது பிரமாணம். இந்தச் சொல் நமக்குப் புதியதன்று. அமைச்சர்கள் பதவிப் பிரமாணம் எடுக்கிறார்கள். நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் நாம் அறிக்கையிடுவதை விசுவாசப் பிரமாணம் என்கிறோம். கர்நாடக இசையில் காலப்பிரமாணம் என்ற சொல் உண்டு. பாட்டைத் தொடங்கிய வேகம் இடையில் ஓடாமலும் இழுபடாமலும் கடைசிவரை ஒரே சீராக நிற்பதையே அது குறிக்கிறது. பாடகருக்குக் காலப்பிரமாணம் நன்றாக அமைந்திருந்தால், உடன் வாசிப்பவர்கள் அச்சமின்றி வாசிக்கலாம்.

பிரமாணத்துக்கு ஒத்து நிற்கும் தன்மையே பிரமாணிக்கம். அண்டை மொழியான கன்னடத்திலும், மராத்தியிலும் இதே வேரிலிருந்து வந்த பிராமாணிக என்ற சொல் நேர்மையானவரைக் குறிக்கிறது. இந்தியில் அதே சொல் ஆதாரமுள்ளது, நம்பத்தக்கது என்று பொருள்படும். தமிழிலோ பொது வழக்கில் இது மிகவும் அருகிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மன்றாட்டுகளிலும் மறையுரைகளிலும், சிறப்பாகத் திருமண வாக்குறுதியிலும்தான் இது உயிரோடு இருக்கிறது. ஆகவே அந்த இளைஞர் சொன்னது சரியே. வேறெங்கும் கேட்காத ஒரு சொல்லை, வாழ்வின் மிக முக்கியமான நாளில் அவர் வாயில் வைக்கிறோம்.

விசுவாசம், கற்பு, பிரமாணிக்கம்

இதற்கு நெருங்கிய சொற்கள் வேறு சில உண்டு. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் தனித்தன்மை விளங்கும்.

முதலாவது, விசுவாசம். இச்சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள். திருச்சபையில் அது கடவுள்மீது கொள்ளும் நம்பிக்கை. தெருவில் அது வேறொன்று. நாய் வளர்த்தவரிடம் விசுவாசமாக இருக்கிறது. வேலையாள் முதலாளியிடமும், தொண்டர் தலைவரிடமும் விசுவாசமாக இருக்கிறார்கள். இந்த வழக்கில் விசுவாசம் கீழிருந்து மேலே செல்கிறது. முதலாளி வேலையாளுக்கு விசுவாசமாக இருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. கடவுள் நமக்கு விசுவாசமாக இருக்கிறார் என்றும் நாம் சொல்வதில்லை. ஆனால் கடவுள் பிரமாணிக்கமுள்ளவர் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் பொருந்தும் சொல் அது.

இரண்டாவது, கற்பு. துறவியர் எடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளில் அதுவும் ஒன்று என்பதால், திருச்சபையின் வழக்கில் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது. ஆனால் ஊர் வழக்கில் அந்தச் சொல்லின் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. திருமண வாக்குறுதியில் நிலைமை வேறு. மணமகன் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதே சொல்லைத்தான் மணமகளும் சொல்கிறார். அவருக்கு ஓர் அளவும் இவருக்கு ஓர் அளவும் கிடையாது. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில், மனைவியின் உடல்மீது கணவருக்கு உள்ள உரிமையைச் சொன்ன அதே மூச்சில், கணவரின் உடல்மீது மனைவிக்கும் அதே உரிமை உண்டு என்று எழுதுகிறார். அன்றைய உலகில் இது எளிதாக ஏற்கப்பட்ட கருத்தன்று.

மூன்றாவது, வாக்குப் பிறழாமை. 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில், திருப்பாடல்களில் கடவுளின் பண்பாக இச்சொல்லைக் காண்கிறோம். கொடுத்த சொல்லிலிருந்து விலகாத தன்மையை இது அழகாக உணர்த்துகிறது. பிரமாணிக்கம் என்றால் என்ன என்று சிறுவர்கள் கேட்டால், இந்தச் சொல்லைச் சொல்லி விளக்கலாம்.

எபிரேய மொழியில்: தூணும் ஆணியும் தாதியும்

பழைய ஏற்பாட்டில் இந்தப் பண்பைக் குறிக்கும் முதன்மையான எபிரேயச் சொல் 'எமூனா'. உண்மையைக் குறிக்கும் 'எமெத்' என்ற சொல்லும், நாம் நாள்தோறும் சொல்லும் 'ஆமென்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தவை. உறுதியாக நிற்றல், தாங்குதல் என்பது அந்த வேரின் அடிப்படைப் பொருள். இந்த வேரிலிருந்து வந்த சொற்களை விவிலியம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

அரசர்கள் இரண்டாம் நூல் 18ஆம் அதிகாரத்தில், எசேக்கியா அரசர் ஆண்டவரின் இல்லத்தில் உள்ள கதவுகளிலும் நிலைகளிலும் தாம் பதித்திருந்த தகடுகளைக் கழற்றி அசீரிய அரசனுக்குக் கொடுக்கிறார். கதவைத் தாங்கும் அந்த நிலைகளைக் குறிக்கும் எபிரேயச் சொல் இந்த வேரிலிருந்து வந்தது. எசாயா 22ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் எலியாக்கிமை உறுதியான இடத்தில் அறைந்த முளையாக நிறுத்துவதாகச் சொல்கிறார். சிறியதும் பெரியதுமான பாத்திரங்கள் அதில் மாட்டப்படும். 'உறுதியான' என்ற அந்தச் சொல்லும் இதே வேர்தான்.

ரூத்து நூலின் இறுதியில், நகோமி குழந்தை ஓபேதை எடுத்து மடியில் வைத்து அதன் தாதியாகிறார். எஸ்தர் நூலில், பெற்றோரை இழந்த எஸ்தரை மொர்தக்காய் எடுத்து வளர்க்கிறார். தாதி, வளர்ப்பவர் என்ற அந்த இரண்டு சொற்களும் எமூனாவின் உறவுச் சொற்களே.

கதவைத் தாங்கும் நிலை, பாத்திரத்தைத் தாங்கும் முளை, குழந்தையைத் தாங்கும் தாதி. பிரமாணிக்கத்துக்கு விவிலியம் தரும் படங்கள் இவை. பிறர் தம் பாரத்தை நம்பி என்மேல் சாய்த்தால் நான் சரிந்துவிடாமல் இருப்பதே பிரமாணிக்கம் என்று இவற்றிலிருந்து புரிந்துகொள்ளலாம். என் மனத்தில் என்ன உணர்வு இருக்கிறது என்பதைவிட, என்னைச் சார்ந்திருப்பவர் விழாமல் நிற்கிறாரா என்பதே இங்கு முதன்மையானது.

மோசேயின் கைகள்

எமூனா என்ற சொல் விவிலியத்தில் முதன்முதலாக வரும் இடம் இன்னும் வியப்பானது. விடுதலைப் பயண நூல் 17ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேலர் அமலேக்கியரோடு போரிடுகிறார்கள். மோசே குன்றின் உச்சியில் நிற்கிறார். அவர் கைகள் உயர்ந்திருக்கும்போது இஸ்ரயேல் வெல்கிறது, தாழும்போது அமலேக்கு வெல்கிறது. நேரம் ஆக ஆக அவர் கைகள் தளர்ந்துபோகின்றன. அப்போது ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அமரச் செய்கிறார்கள். ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமுமாக அவர் கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். கதிரவன் மறையும்வரை அவர் கைகள் எமூனாவாக, அதாவது உறுதியாக இருந்தன என்று விவிலியம் சொல்கிறது.

மோசே மாபெரும் இறைவாக்கினர். ஆயினும் அவருடைய கைகள் தம் சொந்த வலிமையால் மட்டும் நிலைத்து நிற்கவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்ததால் நின்றன. பிரமாணிக்கம் தனிமனித வீரம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியை மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டும்.

நம் பங்குகளிலும் இதைக் காண்கிறோம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியைப் பல ஆண்டுகளாகக் குளிப்பாட்டி, உணவூட்டி, பூசைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிவரும் கணவர்கள் இருக்கிறார்கள். மறதி நோயால் தன்னையே அடையாளம் தெரியாத கணவருக்கு ஒவ்வொரு காலையும் தன் பெயரைச் சொல்லிக் காப்பி கொடுக்கும் மனைவியர் இருக்கிறார்கள். நாம் அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் அவர்களின் கைகளைப் பிடிக்க எத்தனை பேர் போகிறோம்? வாரத்தில் இரண்டு மணி நேரம் நாம் போய் நோயாளியின் அருகில் அமர்ந்தால், அவர் வெளியே போய்வரலாம், சற்றுக் கண்ணயரலாம். ஆரோனும் கூரும் செய்தது அவ்வளவுதான். அன்பியக் கூட்டங்களில் இதற்கு ஒரு முறை வகுத்துக்கொள்ளலாம்.

பேரன்பும் உண்மையும்

எமூனாவோடும் எமெத்தோடும் அடிக்கடி கைகோத்து வரும் சொல் 'ஹெசெத்'. பொது மொழிபெயர்ப்பு இதைப் பேரன்பு என்று தருகிறது. உடன்படிக்கையால் இணைந்தவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மாறாத அன்பு இது. பொற்கன்றைச் செய்து மக்கள் தவறிய பிறகு, விடுதலைப் பயணம் 34ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மோசேக்குத் தம்மை வெளிப்படுத்துகிறார். அப்போது அவர் ஹெசெத்தும் எமெத்தும் நிறைந்தவராகத் தம்மை அறிவிக்கிறார். மக்கள் உடன்படிக்கையை முறித்த இடத்தில்தான் கடவுள் தம் பிரமாணிக்கத்தை அறிவிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். திருப்பாடல் 136இன் 26 வசனங்களிலும் ஹெசெத் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

இறைவாக்கினர் ஓசேயா தம் சொந்த இல்லற வாழ்வில் துரோகத்தின் வலியை அனுபவித்தவர். அவர் வாயிலாகவே, 2ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் மக்களை எமூனாவில் தமக்கு மண ஒப்பந்தம் செய்துகொள்வதாகக் கூறுகிறார். எருசலேம் எரிந்து, கோவில் இடிந்து, மக்கள் பசியால் மடிந்த பிறகு பாடப்பட்ட புலம்பல் நூலின் 3ஆம் அதிகாரத்தில்தான் கடவுளின் எமூனா பெரியது என்ற அறிக்கை எழுகிறது. வளமான நாளில் சொல்லப்பட்ட புகழ்ச்சியாக அது இல்லை. இழப்பின் நடுவே, சாய்வதற்கு வேறு எதுவும் மிஞ்சாத நிலையில் சொல்லப்பட்டது.

புதிய ஏற்பாட்டில்

கிரேக்க மொழியில் நிலைமை இன்னும் சுவையானது. 'பிஸ்திஸ்' என்ற ஒரே சொல் நம்பிக்கையையும் குறிக்கும், நம்பத்தக்க தன்மையையும் குறிக்கும். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் தூய ஆவியின் கனிகளைப் பட்டியலிடும்போது பவுலடியார் பயன்படுத்துவது இச்சொல்லே. அங்கு அது நம்பத்தக்கவராய் வாழ்வதைக் குறிக்கிறது. உரோமையர் 3ஆம் அதிகாரத்தில் அதே சொல் கடவுளின் பிரமாணிக்கத்தைக் குறிக்கிறது. நேர்மையுடையவர் எமூனாவால் வாழ்வடைவார் என்ற அபக்கூக்கின் வாக்கை, பவுல் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய திருமுகங்களில் பிஸ்திஸ் என்ற சொல்லைக் கொண்டே எடுத்தாளுகிறார். ஆகவே நான் கடவுளை நம்புகிறேன் என்பதும், என்னை நம்பியவருக்கு நான் உண்மையாயிருக்கிறேன் என்பதும் விவிலியத்தின் பார்வையில் ஒரே மரத்தின் இரு கிளைகள். கோவிலில் நம்பிக்கையும் வீட்டில் ஏமாற்றும் சேர்ந்திருக்க இயலாது.

ஆண்டவர் இயேசு இதைச் சிறிய செயல்களில் பார்க்கச் சொல்கிறார். மிகச் சிறியவற்றில் நம்பத்தக்கவராய் இருப்பவரே பெரியவற்றிலும் அவ்வாறு இருப்பார் என்று லூக்கா 16ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். திருவெளிப்பாடு 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவருக்கு ஆமென் என்பதே பெயராகிறது. கடவுளின் வாக்குறுதிகள் எல்லாவற்றுக்கும் அவரில் ஆம் என்ற விடை கிடைப்பதால்தான் நாம் அவர் வழியாக ஆமென் என்கிறோம் என்பது, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் போதனை. நற்கருணை வாங்கும்போது நாம் சொல்லும் ஆமென், பிரமாணிக்கத்தின் சொல்லாகும்.

நம் மண்ணின் சாட்சி

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த தேவசகாயத்தை நாம் அறிவோம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த அவர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்த அவர் 1749இல் கைது செய்யப்பட்டு, மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் துறவியும் அல்லர், குருவும் அல்லர். திருமணமான ஒரு பொதுநிலையினர். அவர் மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்ற பெயரை ஏற்றார். கணவரின் சிறைவாசம் அவருடைய வாழ்வையும் சிதைத்தது. மறைசாட்சியின் பிரமாணிக்கத்தைப் போற்றும்போது, வீட்டில் இருந்து அதே விலையைக் கொடுத்தவரையும் நினைவுகூர்வது தகும்.

திருமண வாக்குறுதியில்

புனித அகுஸ்தினார் திருமணத்தின் நன்மைகள் மூன்று என்று கற்பித்தார்: பிள்ளைகள், பிரமாணிக்கம், அருளடையாளப் பிணைப்பு. இரண்டாவதற்கு அவர் பயன்படுத்திய இலத்தீன் சொல் 'ஃபீதெஸ்'. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு திருமணத்தை ஒப்பந்தம் என்று குறித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, அதைத் திருமண உடன்படிக்கை என்ற விவிலியச் சொல்லால் குறித்தது. 1983இன் சட்டத் தொகுப்பும் 1055ஆம் விதியை அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது.

ஒப்பந்தத்தில், நீ உன் பங்கைச் செய்தால் நான் என் பங்கைச் செய்வேன் என்கிறோம். உடன்படிக்கையில் ஆளையே ஆளுக்குக் கொடுக்கிறோம். இன்பம், துன்பம், உடல்நலம், நோய் என்று வாக்குறுதியில் இணை இணையாக வருவதன் காரணம் இதுவே. எந்த நிலை வரும் என்று தெரியாமலேயே, வருவது எதுவானாலும் நான் தாங்குவேன் என்று இருவரும் சொல்கிறார்கள். பிரமாணிக்கம் என்றால் மூன்றாவது ஆள் இல்லாமல் இருப்பது என்று மட்டும் நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மனைவியின் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைப்பதும், கணவரின் வருத்தத்தை ஊரெல்லாம் சொல்லி நகைப்பதும், நாள் முழுவதும் கைப்பேசிக்குக் கொடுத்த முகத்தை வீட்டாருக்குக் கொடுக்க மறுப்பதும் பிரமாணிக்கம் தவறும் வழிகளே.

எது பிரமாணிக்கம் ஆகாது?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

அடியை வாங்கிக்கொண்டு அமைதியாய் இருப்பதற்குத் திருச்சபை பிரமாணிக்கம் என்று பெயர் சூட்டவில்லை. அன்று பிரமாணிக்கத்தை முறித்தது, ஓங்கிய கைதான். தாங்குவதாக வாக்களித்த கை தாக்கும் கையாக மாறியபோதே வாக்குறுதி மீறப்பட்டுவிட்டது. அதற்குரிய குற்ற உணர்வைச் சுமக்க வேண்டியவர் அடித்தவர், அடிபட்டவர் அல்லர்.

இது ஒருவருடைய சொந்தக் கருத்தன்று. திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் விதி, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ ஆன்மாவிலோ கடும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு என்கிறது. இதற்கு ஆயரின் ஆணையைப் பெற வேண்டும். காலம் தாழ்த்துவது ஆபத்தானால், தாமாகவே பிரிந்து செல்லலாம் என்றும் அதே விதி சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஏட்டின் 241ஆம் பத்தியில், வலுவற்ற துணைவரையும் பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காப்பதற்குப் பிரிவு சில வேளைகளில் ஒழுக்க அடிப்படையில் தேவையாகவே ஆகலாம் என்று கற்பிக்கிறார். இவ்வாறு பிரிந்து வாழ்வதால் ஒருவர் திருவருட்சாதனங்களுக்குத் தகுதியற்றவராகிவிடுவதில்லை. திருமணப் பிணைப்பு நீடிக்கிறது. ஆனால் அடிபடும் கடமை அந்தப் பிணைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. நாட்டின் சட்டத்திலும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 181 என்ற உதவி எண்ணில் பெண்கள் அழைக்கலாம்.

பெற்றோர்களும் உறவினர்களும் அருள்பணியாளர்களாகிய நாங்களும் இதில் மனச்சான்றை ஆய்ந்து பார்க்க வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி எத்தனை பெண்களை ஆபத்துக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! ஆரோனும் கூரும் தாங்க வேண்டிய இடத்தில், கையை விட்டுவிட்டோம்.

பிற இடங்களில் பயன்பாடு

இச்சொல் திருமணத்துக்கு மட்டும் உரியதன்று. கொடுத்த வார்த்தைப்பாட்டில் நிலைத்திருக்கும் துறவி பிரமாணிக்கமுள்ளவர். பங்கின் பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதும் பொருளாளர் பிரமாணிக்கமுள்ளவர். மழையானாலும் நான்கு பிள்ளைகளே வந்தாலும் மறைக்கல்வி வகுப்பை நடத்தும் ஆசிரியை பிரமாணிக்கமுள்ளவர். ஆனால் தீமைக்குத் துணைபோவதை இச்சொல்லால் குறிக்கலாகாது. தலைவரின் தவற்றை மறைக்கும் தொண்டரை விசுவாசி என்று உலகம் சொல்லலாம், பிரமாணிக்கமுள்ளவர் என்று நாம் சொல்ல முடியாது. ஏனெனில் பிரமாணம் என்ற அளவுகோல் அதனுள்ளே இருக்கிறது. உண்மை என்ற அளவில் நிற்காதது பிரமாணிக்கம் ஆகாது.

தவறியவர்களுக்கு

இதை வாசிக்கும் நம்மில் பிரமாணிக்கம் தவறாதவர் யார்? எசாயா 22ஆம் அதிகாரத்தில் உறுதியான இடத்தில் அறையப்பட்ட அந்த முளையைப் பற்றிச் சொன்னேன். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில், உறுதியான இடத்தில் இருந்த முளையும் பெயர்ந்து விழும் என்று எழுதியிருக்கிறது. மனிதரின் உறுதிக்கு எல்லை உண்டு என்பதை விவிலியம் மறைப்பதில்லை.

பேதுரு மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் அவரிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டார். பழையதைச் சொல்லிக் காட்டவில்லை, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். நாம் நம்பத்தகாதவராயினும் அவர் நம்பத்தக்கவராகவே இருப்பார், தம்மையே மறுதலிக்க அவரால் இயலாது என்று திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் உறுதி கூறுகிறது. தவறியவர் திரும்பி வரலாம். மன்னிப்புக் கேட்டு, செய்த தீங்கை ஏற்று, நாளுக்கு நாள் நம்பிக்கையை மீண்டும் ஈட்ட வேண்டும். அதற்குக் காலம் ஆகும். காயப்பட்டவர் அந்தக் காலத்தைக் கேட்பது நியாயமே.

சில வாரங்கள் கழித்து அந்தத் தாயைச் சந்தித்து, மேலே எழுதியவற்றை என்னால் இயன்ற அளவு சொன்னேன். அவர் கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, "இத அடுத்த வகுப்புல அந்தப் பிள்ளைங்க கிட்டச் சொல்லுங்க சாமி. முக்கியமா பையன்க கிட்ட" என்றார். சொல்லி வருகிறேன்.

சிந்தனைக்கு

என்மேல் சாய்ந்து வாழ்பவர்கள் யார்? நான் சரிந்தால் யாரெல்லாம் விழுவார்கள்?

நம் அன்பியத்தில் கைகள் தளர்ந்துபோனவர் யார்? அவருக்கு ஆரோனாகவும் கூராகவும் இருக்க இந்த வாரம் நான் என்ன செய்யலாம்?

பொறுத்துக்கொள் என்று சொல்லி, காக்க வேண்டிய ஒருவரை நான் கைவிட்டிருக்கிறேனா?

செபம்

பிரமாணிக்கமுள்ள இறைவா, நாங்கள் உம்மை விட்டு விலகியபோதும் நீர் எங்களை விட்டு விலகவில்லை. எங்கள் இல்லங்களில் ஒருவரையொருவர் தாங்கும் கைகளைத் தாரும். தளர்ந்த கைகளைத் தாங்க எங்களை அனுப்பும். அடித்த கைகளை மனந்திரும்பச் செய்யும். அடிபட்டவர்களைக் காத்துக்கொள்ளும். நாங்கள் சொல்லும் ஆமென் உண்மையான ஆமெனாக இருக்க அருள்புரியும். ஆமென்.